ராணி அழுத பாட்டு

அப்பாவுக்குச் சினிமாக் கொட்டகையில் பிடித்தது நாற்காலி ஒன்றுதான். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டில் மருந்தடிக்கிற உடம்பு, மெத்தை வைத்த நாற்காலியைக் கண்டால் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஊரெல்லாம் பேசிய அந்தச் சரித்திரப் படம் வந்தபோது எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளிலிருந்து இரண்டு ஜீப் பிடித்து, மறையூர் வழியாக மலை இறங்கி, உடுமலைப்பேட்டை வரைக்கும் போய்ப் பார்த்தோம். யானைப்படை வந்தது, கோட்டை இடிந்தது, கொட்டகை அதிர்ந்தது. அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

கடைசியில் ராஜா நெஞ்சில் அம்பு வாங்கிச் சாகிற காட்சியில்தான் கண் விழித்தார். ராஜா விழுந்தார், பேசினார், பாடினார், எழுந்து உட்கார்ந்து மறுபடியும் பேசினார். அப்பா அம்மா பக்கம் சாய்ந்து, "இன்னுமா சாகல?" என்று கேட்டது நாலு வரிசைக்குக் கேட்டது. கொட்டகையே சிரித்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் போறப்ப இம்புட்டு நேரம் எடுக்க மாட்டேன், நீ பயப்படாத" என்றார் அப்பா.

சொன்னபடியே செய்தார். அதே வருடம், மழை விட்டிருந்த ஒரு காலையில், எஸ்டேட் வேலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேயிலைத் தூரில் சாய்ந்து உட்கார்ந்தார். எஸ்டேட் ஜீப் வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் லயங்களில் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. வெளியாருக்கு அது வெறும் அழுகைச் சத்தம். உள்ளே இருக்கிற பெண்களுக்கு அப்படியில்லை. ஒருத்தி தன் புருசனுக்கென்று வைத்த வார்த்தைகளை இன்னொருத்தி எடுக்கமாட்டாள். அவை அவளுடையவை. வருசத் திவசத்தன்று பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, அதே வார்த்தைகளை இன்னொரு தடவை பாடி அழுது, அதோடு இறக்கி வைத்துவிடுவாள். அப்படி இறக்கி வைத்தால்தான் துக்கம் கழிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு அவள் கல்யாண வீட்டுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம்.

அம்மா பாட்டுப் பாடுகிறவள் இல்லை. கொழுந்து கிள்ளும்போது மற்றப் பெண்கள் பாடினால் இவள் கேட்டுக்கொண்டு கிள்ளுவாள். அப்பா போன அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது நாலே நாலு வரி. அதையே திரும்பத் திரும்பப் பாடினாள்.

"சங்கு ஊதும் முன்னால சட்டை மாட்டிப் போனவுகளே,
சாயங்காலச் சங்கு ஊதிருச்சு, சந்து தாண்டி வரலையே.
அட்டை கடிச்ச காலுக்கு உப்பு வைக்க நானிருக்க,
காலுக்கு வச்ச வெந்நித் தண்ணி கங்கு அணைஞ்சு ஆறிருச்சே."

நான் வாசலில் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தேன். தலைப்பிள்ளை, ஆயிரம் வேலை. கயிறு எங்கே, வண்டி வந்ததா, அத்தை வருகிறாளா என்று ஓடிக்கொண்டிருந்ததில் அழ நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் அந்த நாலு வரியும் மனப்பாடமாகிவிட்டது என்பது எனக்கே தெரியாது.

நான் மூணாறு டவுனில் ஒரு தேயிலைக் கடையில் வேலை பார்க்கிறேன். சுற்றுலா வருகிறவர்களைச் சிரிக்க வைத்தால் இரண்டு பாக்கெட் கூடுதலாக விற்கும். அந்த வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் எங்கள் டிவிஷன் மன்றத்து ஆண்டு விழாவில் நாடகம் என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா போய் ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. என்னோடு படித்து இப்போது டவுனில் ஆட்டோ ஓட்டுகிற நண்பன், கீபோர்டும் வாசிப்பான், வீட்டு வாசலிலேயே வந்து நின்றான்.

"அந்த ராசா படத்த எடுப்போம் மாப்ள. மூணு மணி நேரப் படம், அர மணி நேரத்துல. ஒரு வார்த்த பேசக் கூடாது. தண்ணி கேட்டாலும் பாட்டு, தும்மினாலும் பாட்டு. நீதாம்ல ராணி."

துக்க வீடு, ஒரு வருசத்துக்கு விசேஷம் கூடாது என்று நான் சொல்வதற்குள் அம்மா உள்ளேயிருந்து, "போகட்டும். அவுகளுக்கும் கூத்துன்னா உசிருதான்" என்றாள். அதோடு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் நிச்சயதார்த்தச் சிவப்புச் சேலையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "ராணின்னா செவப்பு வேண்டாமா? நான் இனி எங்க கட்டப் போறேன்." ஜாக்கெட்டின் தையலைப் பிரித்து என் தோளுக்கு அளவெடுத்தபோது, "உங்கப்பன் தோளு" என்று மட்டும் சொன்னாள்.

ஒத்திகை மன்றத்து அறையில் நடந்தது. இவ்வளவு சிரித்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. சாம்பல் நிறக் கம்பளிக்குள் இரண்டு பேர் புகுந்தால் யானை. தும்பிக்கைக்கு மருந்தடிக்கிற ரப்பர் குழாய். ஒரு கால் வலப்பக்கமும் மறு கால் இடப்பக்கமும் போக, யானை அடிக்கடி இரண்டாகப் பிரிந்தது. படைக்கு ஆள் பற்றாததால் நாலே நாலு வீரர்கள் திரைக்குப் பின்னால் ஓடி ஓடித் திரும்பி வந்தார்கள். போருக்குப் புறப்படும் முன் சேனாதிபதி அவர்களைக் கொழுந்து எடை போடுகிற மாதிரி தராசில் நிறுத்தி, "இன்றைக்கும் கிலோ குறைவு" என்று ராகம் போட்டுத் திட்டுவார். ராஜா செத்தும் செத்தும் எழுந்து மிச்சச் சரணத்தைப் பாடுவார். அப்போது அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, உச்சஸ்தாயியில், "இன்னுமா சாகல?" என்று பாட வேண்டும். அந்த வரியை நான்தான் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒரு வேடம் கொடுத்த மாதிரி எனக்கு நிறைவாக இருந்தது.

ராணி அழுகிற இடம்தான் நொண்டியது. "மூவுலகும் ஆண்ட மன்னா" என்று செந்தமிழில் ஏதோ எழுதி வைத்திருந்தோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "ராணி அழுதா சனம் வெளிய எந்திரிச்சுப் போயிரும்ல. வேற எதாச்சும் எடுத்து விடு" என்று நண்பன் கீபோர்டில் சோகமாக இழுத்தான். நான் ராஜாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வந்தது அம்மாவின் பாட்டு. சங்கு, சட்டை, அட்டை, உப்பு, வெந்நீர், எல்லாம் வரிசையாக வந்தது.

அறை வெடித்தது. தகரக் கிரீடம் வைத்த சக்கரவர்த்தி. அவர் காலை அட்டை கடித்திருக்கிறது. பட்டத்து ராணி உப்போடு காத்திருக்கிறாள். செத்துக் கிடந்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். யானையின் பின்பாதி சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறி வெளியே வந்தது. நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கருந்துலே புடிச்ச?" என்றான். என் அப்பாவின் பாடையை என்னோடு சேர்ந்து சுமந்தவன் அவன். ஆனால் ஆண்களுக்கு அந்த வார்த்தைகள் காதில் விழுவதில்லை. "சும்மா வாயில வந்துச்சு" என்றேன்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எடுத்து ஊற்றியது அடுத்தவர் நெய்யென்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனால் சிரிப்பு என்பது கெட்ட பழக்கம்; ஒரு தடவை கிடைத்தால் விட மனம் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணியாக உட்கார்ந்து அதைப் பாடும்போது, வேடிக்கை என்ற சாக்கில் நான் அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தேன். அந்தச் சுகத்தையும் விட முடியவில்லை. இதை நியாயமாகச் சொல்லவில்லை. திருடினவன் பசியைச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

பிறகு எனக்கு ஒரே கவலைதான்: அம்மா விழாவுக்கு வந்துவிடக் கூடாது. வார்த்தையை மாற்றினால் கவலை தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் அம்மாவைத் தடுக்கிற வேலையைச் செய்தேன். பனி அதிகமாக இருக்கும் என்றேன். கூட்டம் இடிக்கும் என்றேன். துக்கம் காக்கிறவள் சபையில் உட்கார்ந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்றுகூடச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரிய்யா, நான் வரல" என்றாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா தொடங்கியது. படக்காரர்கள் காசு கொட்டி உண்டாக்குகிற புகை எங்களுக்கு ஓசியில் கிடைத்தது. மைதானம் முழுக்கப் பனிமஞ்சு இறங்கியிருந்தது. யானை நுழைந்ததும் கூட்டம் எழுந்து விசிலடித்தது. நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு திரையோரத்திலிருந்து பார்த்தேன். பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில், பக்கத்து வீட்டுச் சித்திக்கு அருகில், கம்பளி போர்த்திக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். சித்திதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. "பெத்த புள்ள ராணியா வர்றான், நீ அடுப்படியில உக்காந்திருப்பியா?" என்றாளாம்.

வைத்தியர் "இன்னுமா சாகல?" என்று பாடினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா சித்தியின் தோளைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னாள். சத்தம் கேட்கவில்லை, ஆனாலும் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவுக சொன்னது, அவுக சொன்னது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே திரையை இறக்கியிருந்தால் நான் நல்ல பிள்ளையாக இருந்திருப்பேன்.

ராணி போய் உட்கார்ந்தாள். நண்பன் கீபோர்டில் இழுத்தான். எழுதி வைத்த செந்தமிழ் வரிகள் எனக்கு மறக்கவில்லை, நாக்கு நுனியில்தான் இருந்தன. கூட்டம் சிரிக்கத் தயாராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் "சங்கு ஊதும் முன்னால" என்று எடுத்தேன்.

ஆண்கள் பக்கம் முதல் வரிக்கே சிரிப்பு. அட்டைக்கு நாற்காலியைத் தட்டினார்கள். பெண்கள் பக்கமும் முதலில் சிரித்தது. பிறகு எங்கள் லயத்துப் பெண்கள் நிறுத்தினார்கள். அவர்கள் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, அம்மாவின் தோளில் கை போட்டு, அதே வரிக்குக் கூடவே அழுதவர்கள். ஒருத்தி அடுத்தவளைப் பார்த்தாள். சித்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காறித் துப்பாத குறைதான். அந்தப் பக்கம் முழுக்க அமைதியானது.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரிக்கிறவளே இல்லை. அன்றைக்குப் பல்லெல்லாம் தெரிய, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, மற்றவர்களையும் சிரிக்கச் சொல்கிற மாதிரி சிரித்தாள். கை தட்டினாள். வேறு வழியில்லாமல் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். என் பாட்டு அந்தரத்தில் தொங்கிவிடாமல் அவள் தாங்கிப் பிடித்தாள். நான் நாலாவது வரியையும் பாடி முடித்தேன். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை வாங்கி உதறி மடித்தாள். ஏதாவது கேட்பாள் என்று நான் நின்றேன். "சோறு போடட்டா?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சிரித்தது பொய் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். சாக்குச் சொல்வதில் எனக்கு எப்போதுமே குறைவில்லை.

யாரோ அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ராணி அழுகிற துண்டு மட்டும் தனியாகச் சுற்றியது. மூணாறு, மறையூர், காந்தலூர், அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தங்கள் வரைக்கும் எல்லோர் போனிலும் நான் சிவப்புச் சேலையில் அழுதேன். கடைக்கு வருகிறவர்களில்கூட இரண்டொருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்த ராணி? ஒரு வரி பாடுங்களேன்" என்பார்கள். நான் பாடினேன். பாக்கெட் விற்றது. என் போனிலிருந்து அந்த வீடியோவை அழித்துவிட்டேன். ஊரார் போனை நான் என்ன செய்ய முடியும்?

வருசத் திவசம் வந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, திருநெல்வேலியிலிருந்து முந்தைய நாளே வந்துவிட்டாள். சாவுக்கு அவளால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. அவள் வரும்போது எல்லாம் அடங்கியிருந்தது. அந்தக் குறை அவளுக்குப் பெரிய குறை. "இன்னிக்காச்சும் என் தம்பிக்கு வாய்விட்டு அழுதுட்டுப் போறேன்" என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் பாசத்தில் ஒரு சொட்டும் பொய்யில்லை.

படையல் முடிந்து பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் இந்தத் தடவை ஓட வேலையில்லாமல் வாசற்படியில் நின்றேன். அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் சித்தி, மறு பக்கம் அத்தை, இரண்டு பேரும் அவள் தோளில் கை போட்டிருந்தார்கள். அம்மா தொண்டையைச் செருமினாள்.

"சங்கு ஊதும் முன்னால சட்டை மாட்டிப் போனவுகளே..."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கத்தான் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள், தலையைக் குனிந்தாள், முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது போனில் நூறு தடவை பார்த்துச் சிரித்த மருமகனின் பாட்டு. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறு நொடியே சபையின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "அய்யோ பாவி நானு" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க மதினி. சிரிப்பு வந்தா யாரு என்ன செய்ய முடியும்?"

பெண்கள் காத்திருந்தார்கள். அம்மா மறுபடியும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. "சோறு வெந்துருக்கும், பாத்துட்டு வாறேன்" என்று எழுந்துவிட்டாள். மற்றவர்கள் முறைக்கு ஒரு பாட்டம் அழுது முடித்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

சொந்தங்களை மலை இறங்குகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது சாயங்காலச் சங்கு ஊதியது. அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை மாதமாக வாயில் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று, "எம்மா, அந்தப் பாட்டு..." என்று தொடங்கினேன்.

"நீ நல்லாத்தான்யா பாடுன" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவுக இருந்திருந்தா அவுகளும் சிரிச்சிருப்பாக."

கொள்ளியைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டாள்.

"வேற வார்த்த இருக்கான்னு மனசுக்குள்ள தேடிப் பாத்தேன். நமக்கு எங்க வருது? நாலு வரிதான வந்துச்சு. இப்ப அழுவுறதுக்குன்னு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, வெந்நீரைத் துணியால் பிடித்து இறக்கி, வாளியில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் விளாவினாள். காட்டிலிருந்து வருகிற அப்பாவுக்கு வைக்கிற அதே வாளி. விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"காலை வைய்யி, ஆறிரும்" என்றாள்.